ராசியான பெட்டி

அன்புராஜ் எங்கள் கம்பி ஆலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டவன். அத்திப்பட்டிலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு வருவான். ஐந்து வருடமாகக் கான்ட்ராக்ட்தான். நிரந்தரமாக்குகிறேன், நிரந்தரமாக்குகிறேன் என்று முதலாளி துளசிராமன் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனுக்கு வாய் மட்டும் தாராளம். எனக்கு வேலை எடைமேடையில். லாரிகள் இல்லாத நேரத்தில் அன்புராஜ் வந்து பேசிக்கொண்டிருப்பான்.

2008 ஆனி மாதம், பில்லுக்கு, வருகைக்கு, கணக்குக்கு என்றிருந்த மூன்று சர்வர் பெட்டிகளையும் அவன் ஒரே புதுப் பெட்டிக்குள் கொண்டுவந்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ஒரே ஊட்டுல மூணு குடித்தனம்க்கா. வெர்ச்சுவல் மெஷின்னு பேரு. ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர். நெட்வொர்க்குல பாத்தா மூணு மெஷின் கீற மாரிதான் தெரியும்.”

“பழைய நம்பரேவா?”

“ஆமா. இல்லன்னா ஆபீஸ்ல கீற எல்லா கம்ப்யூட்டர்லயும் மாத்திக்கினு திரியணும். அதான் பழைய பெட்டிய இனிமே போடவே கூடாது. ஒரே நம்பர்ல ரெண்டு இருந்தா, மொதல்ல எழுந்தது எடத்தப் புடிச்சிக்கும். அடுத்தது வெளிய நிக்கும்.”

பழைய பெட்டிகளில் இரண்டு காயலான் கடைக்குப் போயின. பில் பெட்டியை மட்டும் முதலாளி விடவில்லை. அது வந்த பிறகுதான் தொழில் தூக்கிவிட்டதாம்; ராசியான பெட்டியாம். அன்புராஜ் அதன் கம்பிகளைப் பிடுங்கி, “போடக் கூடாது” என்று சீட்டு ஒட்டினான்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸ் உதவியாள் முனுசாமி துடைத்த துடைப்பில் சீட்டு கிழிந்துபோயிற்று. தொங்கிய கம்பிகளைப் பார்த்த முதலாளி, “பூஜை போடற பெட்டிய மூளியா வெக்காதே, சொருவு” என்றார்; முனுசாமி சொருகிவிட்டான். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. பெட்டியின் மேல் மஞ்சள் தடவிய ஓர் உறை இருந்தது. அதற்குள் அன்புராஜின் நிரந்தர உத்தரவு. விஜயதசமியன்று கையில் கொடுப்பதாக ஏற்பாடு. பூஜை முழுக்க அவன் கண் அந்த உறையை விட்டு நகரவில்லை. பெட்டியின் பின்பக்கத்தை அவன் எங்கே பார்த்தான்.

மறுநாள் காலை, முதலாளியிடம் சொல்லிக்கொண்டுதான், அம்மாவோடு பெரியபாளையம் கோயிலுக்குப் போனான். முதலாளி நல்ல நேரத்தில் வந்து உறையை எடுத்தார். எடுத்த சந்தோஷத்தில் ராசியான பெட்டியின் பொத்தானையும் அழுத்தினார். அதற்கப்புறம்தான், பூஜைக்காக நிறுத்தி வைத்திருந்த புதுப் பெட்டியை முனுசாமி போட்டான்.

பழைய பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் ஆனி மாதம் வரைதான். ஆனியில் போட்ட பில் நம்பர்களையே அது மறுபடி போட்டது. திரையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆந்திரா போன லாரிகளை எல்லைச் செக்போஸ்ட்டில் மடக்கி, இந்த நம்பர் ஏற்கெனவே போயிருக்கிறது, கள்ள பில் என்று திருப்பினார்கள். டிரைவர்கள் என்னைத்தான் பிடி பிடியென்று பிடித்தார்கள்.

மதியம் நெற்றியில் குங்குமத்தோடு வந்த அன்புராஜ், பழைய பெட்டியில் எரிந்த விளக்கைப் பார்த்ததும் முதலாளியிடம் ஓடினான்.

“சார், பழசு மொதல்ல எழுந்து அந்த நம்பர புடிச்சிக்கிச்சு. புதுசு உள்ள வர முடில.”

“அத்தப் போட்டது நான்தான். எட்டு வருஷம் ஓடுன பெட்டி கெடுக்குமா? நீ கொண்டாந்ததுதான் பேஜாரு.”

டிரைவர்களின் புகாரைச் சொல்ல நானும் அங்கே வந்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவன் அன்னிக்கே சொன்னான் சார்” என்றேன்.

“சந்திரகலா, உன் வேலையப் பாரு.”

எல்லாவற்றையும் பழைய பெட்டிக்கே மாற்றித் தரச் சொன்னார். ஒரு குறையில்லாமல் மாற்றிக் கொடுத்தான். கொடுத்த அன்றே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் அன்புராஜ் எடைமேடைக்கு வந்தான்.

“எல்லாம் சரியா ஓடுதுக்கா. அந்த உறைய மட்டும் வாங்கித் தர்றியா? வேல நிரந்தரமாயிடுச்சுன்னு கோயில்லயே அம்மாகிட்ட சொல்லிட்டேன். காட்டு காட்டுன்னு கேட்டுக்கினே கீது.”

போய்க் கேட்டேன். கிழித்துப் போட்டுவிட்டேன் என்றார் முதலாளி. வெளியே வந்து அவனிடம், தேடிப் பார்க்கிறாராம் என்றேன். ரயிலுக்கு நேரமாகும்வரை அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.