உட்கார்ந்து கொடுத்த புடவை

என் அம்மா கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் நின்றாள். வேலை பார்த்தாள் என்றும் எழுதலாம். நின்றாள் என்பதுதான் சரி. வாங்க வருகிறவர்களுக்கு ஸ்டூல் உண்டு, விற்கிறவர்களுக்குக் கிடையாது. “நின்னா காலு போவும், ஒக்காந்தா வேல போவும்” என்று அந்தக் கடைப் பெண்கள் தங்களுக்குள் ஒரு பழமொழியே வைத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது ஆறு வயது. பள்ளி விடுமுறை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மேனேஜரிடம் கெஞ்சி என்னையும் கடைக்குக் கூட்டிப்போனாள். தம்பி வயிற்றில் ஐந்து மாதம். தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முந்தானையை அகலமாக விட்டு மறைத்திருந்தாள். எனக்கும் உத்தரவு போட்டிருந்தாள்: “பாப்பா விசயத்த யாருகிட்டயும் மூச்சு வுடக்கூடாது, ஆமா.”

அன்றைக்குக் கரியாலூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் மலையிறங்கி வந்தது. கல்யாணப் பெண்ணின் தாய்தான் தலைவி. என் அம்மா புடவைகளை ஒவ்வொன்றாக உதறி, தோளில் போட்டுக் காட்டினாள். நடுநடுவே அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா கண்ணு, ஒங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலியா?” என்று என்னிடம் கேட்டார் கல்யாணப் பெண்ணின் தாய்.

உத்தரவு நினைவிருந்தது. பாப்பாவை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன். “காலு வீங்கிகினு இருக்குது. ஒக்காந்தா வேலைய வுட்டு எடுத்துடுவாங்க.”

அவர் அம்மாவின் காலைப் பார்த்தார். முந்தானையையும் பார்த்தார். பிறகு கடை அதிரக் குரல் கொடுத்தார். “ஏம்பா மேனேஜரு! கல்யாணப் பொடவைய ஒக்காந்துதான் குடுக்கணும், ஒக்காந்துதான் வாங்கணும். எங்க மலை வழக்கம்.”

“இங்க அப்படியெல்லாம் வழக்கமில்லீங்கம்மா.”

“அப்ப வேற கட பாத்துக்கறோம். எழுந்திரிங்கடி!”

கூட்டம் மொத்தமும் எழுந்தது. ஸ்டூல் ஓடி வந்தது.

“முகூர்த்தப் பொடவ ஒன்னுக்குத்தானுங்களே?” என்று மேனேஜர் இழுத்தார்.

“மத்ததெல்லாம் இன்னா, எழவுக்கா எடுக்கறோம்?”

அம்மா உட்கார்ந்தாள். மத்தியானம் சாயும்வரை உட்கார்ந்தே காட்டினாள். கல்யாணப் பெண்ணின் தாயோ லேசில் முடிப்பதாக இல்லை. “அந்த நீலத்த இன்னொருக்கா பிரி தங்கச்சி, அவசரமில்ல, மெதுவா” என்று ஒரே புடவையை மூன்று தடவை பிரிக்க வைத்தார். எனக்கானால் பசி. ஒரு புடவை எடுக்கத் தெரியவில்லையே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மலை வழக்கத்தை நான் நெஞ்சில் முடிந்துவைத்துக்கொண்டேன். போன வருடம் என் கல்யாணப் புடவை எடுக்கப் போனபோதும் விற்கிற பெண்ணிடம், “ஒக்காந்து குடுங்க” என்றேன். கடையில் விற்கிறவர்களுக்கும் இருக்கை தரவேண்டும் என்று இப்போது சட்டமே வந்துவிட்டதால் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் கரியாலூர்த் தோழி கூட வந்திருந்தாள். நான் காரணம் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

“எங்க மலையில அப்படி ஒரு வழக்கமே கெடையாதே. யாரு சொன்னது ஒனக்கு?”

பேர்கூடத் தெரியாத அந்த மகராசியை மனசுக்குள் கும்பிட்டேன். மூன்று தடவை பிரித்த அந்த நீலப் புடவையை அவர் கடைசியில் எடுக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.