கழுவிய பிள்ளையார்

மாரமங்கலத்துக் குப்பாயி யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மிளகு வியாபாரி தராசைத் தூக்கினால், தட்டின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மூட்டையை அவிழ்ப்பாள்.

அவளுடைய காப்பித் தோட்டத்து மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். மண்ணைக் கொத்தும்போது கிடைத்த வழவழப்பான கல் அது. எண்ணெய் குடித்துக் குடித்துக் கன்னங்கரேலென்று ஆகியிருந்தது.

சேலத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த வரலாற்று ஆசிரியர் சந்திரசேகர், அது ஆதிகாலத்து மனிதர்களின் கற்கோடாரி என்றார். படம் எடுக்கக் கேட்டார். குப்பாயியும் சரியென்று ஆட்டைக் கட்டப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், மரத்தடியில் பச்சை நிறத்தில் ஏதோ ஒரு கல் இருந்தது.

“ஏனுங்க, எங்க சாமி எங்கீங்க?”

“இதுதானுங்க அம்மா. பிசுக்குப் போகத் தேச்சுக் கழுவுனேன்.”

“கழுவுனா கருப்பு பச்சையாயிருமா? பையைத் தொறங்க.”

பையில் கேமராவும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. அவர் கல்லின்மேல் கை வைத்தார்.

“இந்தப் பிள்ளையார் மேல சத்தியமா நான் மாத்தலீங்க.”

“மாத்தி வெச்ச கல்லு மேலயே சத்தியமா? நொம்பக் கெட்டிக்காரருங்க நீங்க!”

குப்பாயி எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எண்ணெயை ஊற்றினார். ஊற்றி முடித்ததும் கை தானாகக் குவிந்தது. குப்பாயி கல்லைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தாள். பிறகே வழிவிட்டாள்.

அவர் போனபின் கல்லின் எதிரே உட்கார்ந்தாள். கும்பிடவில்லை.

“நீ யாருன்னு எனக்கு இன்னும் தெரியல. எண்ணெயைக் குடி. கறுத்தப்புறம் கும்புடறேன்.”