இடது கையில் எடுத்த சதை

ஊசி குத்திய தசையிலிருந்து பரிசோதனைக்குச் சதை வெட்டி எடுக்கக் கூடாது. அண்மையில் ஊசி போட்டிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, நோய் தொட்ட, ஆனால் ஊசி தொடாத வேறொரு தசையைத் தேட வேண்டும். மருத்துவர்கள் மாணவப் பருவத்திலேயே படித்துவிடுகிற விதி இது. நான் மருத்துவன் அல்ல. மைசூர் அரசின் தணிக்கைப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். அடுத்த இலாகாவின் விதிகளையும் படித்து வைப்பது என் தொழில் நோய். இந்த ஒன்றை மட்டும் தாமதமாகப் படித்தேன். அதற்குள் என் அக்காவின் இடது கையில் தையல் போட்டாகிவிட்டது.

அக்கா அல்சூர்ப் பக்கம் ஒரு தமிழ் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமான சில வருடங்களிலேயே கணவரை இழந்தவள். ஜோகுபாளையத்தில் நானும் என் மனைவியும் இருந்த வீட்டில்தான் அவளும் இருந்தாள். ஆனால் தன் வேலை, தன் சம்பளம், தன் அலமாரிச் சாவி என்று இருந்தாள். அந்த வேலை போய்விட்டால் அவள் ஆசிரியையாக இருக்க மாட்டாள். தம்பி வீட்டில் இருக்கும் விதவையாகிவிடுவாள். அவள் பயந்தது அதற்குத்தான், நோய்க்கு அல்ல.

1958 கடைசியில் அது ஆரம்பித்தது. கரும்பலகையில் தேதி எழுதும் மேல் மூலையை அவள் காலியாக விட்டாள். பிறகு எழுத்து பலகையின் பாதிக்கு இறங்கியது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்துப் படித்தார்கள். வீட்டில் மணையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுந்திருக்க முடியவில்லை. தன் தொடைமேலேயே இரண்டு கையையும் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுகிறவள்போல எழுந்தாள். பஸ் படி அவளுக்கு மதில் ஆயிற்று. தலை வாரக் கையைத் தூக்க முடியாமல், என் மனைவி வாரிவிட ஆரம்பித்தாள்.

முழங்கைக்குக் கீழே மட்டும் ஒரு குறையும் இல்லை. ஊசியில் நூல் கோப்பாள், பிள்ளைகளின் நோட்டில் முத்து முத்தாகத் திருத்துவாள், அவரைக்காய் நறுக்குவாள். கை முழுவதும் விழுந்திருந்தால் எல்லோரும் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். பாதிக் கை வேலை செய்தால் அது நோய் இல்லை, நடிப்பு.

தலைமை ஆசிரியை ஒரு நாள் மாலை ஆரஞ்சுப் பழங்களோடு நலம் விசாரிக்க வந்தார். அக்கா கூடத்தில் என் மனைவிக்குக் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

“பூ நல்லா நெருக்கமா கட்றீங்களே டீச்சர்.”

“பழக்கம்தான் மேடம்.”

“போர்டுல எழுதறதும் பழக்கம்தானே?”

சமையலறையிலிருந்து என் மனைவி, “காபி ஆறிப்போகுது மேடம்” என்றாள். காபி இன்னும் கலக்கவே இல்லை.

அவர் அக்காவைச் சந்தேகப்பட்டார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவருடைய ஒன்றுவிட்ட தங்கை மகள் ஒருத்தி ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். காலியிடம் தானாக உண்டாவதில்லை, உண்டாக்கப்படுகிறது என்பது என் அனுபவம். ஆனால் தணிக்கைக்காரனுக்குச் சந்தேகம் ஒரு பக்கத்தோடு நிற்பதும் இல்லை. ஒரு காலை காபித்தூள் டப்பாவை மேல் தட்டில் வைத்துவிட்டு, பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். அக்கா தட்டைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள்.

“என்னடா, ஆடிட்டா? டப்பாவ நீயே எடுத்துக் குடு. முடிஞ்சா ரிப்போர்ட்டையும் எழுதிக்கோ.”

தெருமுனை டாக்டரிடம் போனோம். அவரிடம் எந்த நோய்க்கும் வைட்டமின் ஊசிதான். “எந்தக் கையில எழுதுவீங்கம்மா?” என்று கேட்டார். வலது என்றாள். “அப்ப இடதுல போட்டுடலாம், வேலை கெடாது” என்றார். இடது தோளுக்குக் கீழே வாரக்கணக்கில் ஊசி இறங்கியது. வீக்கம்தான் மிச்சம். இதற்குள் கண் இமைகள் உப்பி, ஒரு மாதிரி ஊதா பாய்ந்திருந்தன. அழுது அழுது வந்தது என்று அக்கம்பக்கம் முடிவு கட்டியது. அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

தலைமை ஆசிரியை மேலே எழுதினார். இலாகா அக்காவை மருத்துவக் குழுவுக்கு அனுப்பியது. மூன்று டாக்டர்கள். நான் துணைக்கு வந்தவன் என்ற முறையில் கதவோரம் நின்றேன். மூத்தவர் இரண்டு விரலை நீட்டினார்.

“நல்லா புடிச்சு அமுக்குங்க பார்க்கலாம்.”

அக்கா அமுக்கினாள்.

“அம்மாடி! போதும், விடுங்க!”

மற்றவர்கள் சிரித்தார்கள். மூத்தவர் பேனாவை எடுத்துவிட்டார். அரசு வைத்தியத்தில் பலம் என்பது பிடிப்பலம்தான். தோளுக்கும் இடுப்புக்கும் தனிக் கட்டம் கிடையாது. மூவரில் இளையவர் மட்டும், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள் என்றார். அக்கா மூன்று முறை முயன்று உட்கார்ந்துவிட்டாள்.

“நடிக்கிறவங்களுக்கு இது என்ன கஷ்டமா?” என்றார் மூத்தவர், இங்கிலீஷில், எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற நம்பிக்கையில்.

இளையவர் அக்காவின் இமைகளைப் பார்த்துக்கொண்டே, “பன்னிக்கறி சாப்பிடற வழக்கம் உண்டாம்மா?” என்றார்.

நாங்கள் முட்டைகூட வாங்காத வீடு. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கையைத் தூக்க முடியலைன்னு வந்தேன் டாக்டர். நீங்க என் அடுப்பை விசாரிக்கிறீங்க.”

அவர் பொறுமையாக விளக்கினார். சரியாக வேகாத பன்றி இறைச்சியிலிருந்து ஒரு புழு வந்து தசைக்குள் தங்குமாம். இமை வீங்குமாம், கைகால் வலிக்குமாம். அது இல்லையென்றால் வேறு தசை நோய் இருக்கலாம். கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குழு ஒப்புக்கொண்டது. நடிப்பு என்று நிரூபிக்கவும் அது உதவும் அல்லவா?

அறுவை மருத்துவரும் நல்ல மனிதர். “எந்தக் கையில எழுதுவீங்கம்மா?” என்றார். வலது என்றாள். “அப்ப இடதுல எடுத்துடலாம்” என்றார். ஆக, இரண்டு பேர் தனித்தனியே அக்காவின்மேல் கருணை காட்டி, ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். ஊசியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கமில்லை.

அறிக்கை வந்தது. புழு இல்லை. தழும்பும் சிதைந்த இழைகளும் அழற்சியும் இருக்கின்றன. ஊசியால் ஏற்பட்ட காயத்தோடு பொருந்துகிறது என்று எழுதியிருந்தது. இதைக் குழு படித்த விதத்தை என் சர்வீஸில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடுத்த வாரமே அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. நோய் இருப்பதாகக் காட்டித் தன் கையில் தானே ஊசி குத்திக்கொண்டதாகத் தெரிவதால், ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று விளக்கம் அளிக்க வேண்டும். முடிவு தெரியும்வரை பள்ளிக்கு வரக் கூடாது.

அக்கா அதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள்.

“இத்தனை நாள் சோம்பேறின்னாங்க. சரி. இப்ப திருடின்றாங்க” என்றாள்.

அறிக்கை எழுதிய திசு நிபுணரைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், மருந்து நெடி அடிக்கும் அறை. கன்னடக்காரர், தமிழை ஆடுகோடிப் பக்கம் வளர்ந்தபோது கற்றவர். தெருமுனை டாக்டரின் சீட்டைக் காட்டினேன்.

“வைட்டமின் ஊசியா? எந்தக் கை?”

“இடது.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “யாரும் நமக்குச் சொல்லவே இல்லையே ஸ்வாமி!”

“யாரும் கேக்கலையே ஸார்.”

“ஊசி போன இடத்துல தசை தானா சிதையும், தானா வீங்கும். அங்க நோயைத் தேடறது, கல்யாண வீட்டுல திருடனைத் தேடற மாதிரி. நோடி, பாருங்க, தொடையில எடுத்து அனுப்புங்க. நான் பார்க்கறேன்.”

முதல் சதைக்கு உத்தரவிட்ட குழுவே இரண்டாவதற்கும் உத்தரவிட வேண்டும். விண்ணப்பம் எழுதினேன், நினைவூட்டல் எழுதினேன், நேரில் போய் நின்றேன். “ஆகும் ஸார், ஆகும்” என்றார் அங்கிருந்த குமாஸ்தா. கோப்பு நகராததற்குச் சோம்பலும் காரணமாக இருக்கலாம் என்பதை நான் எப்போதும் கடைசியில்தான் ஏற்றுக்கொள்வேன். தலைமை ஆசிரியையின் தங்கை மகள் எங்கள் தெரு வழியாகப் புதுப்புடவையில் போனதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பொறுக்கவில்லை.

“தொடை என்னுதுதானேடா? சர்க்கார் தொடையா?”

“குழு சொல்லாம எடுத்தா ஏத்துக்க மாட்டாங்கக்கா.”

“ஏத்துக்க வேணாம். எனக்குத் தெரியணும். ராவும் பகலும் எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

அதற்குமேல் நான் விதி பேசவில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில், எங்கள் செலவில், சதை எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர், “எந்தக் கையில...” என்று ஆரம்பித்ததும் அக்கா மறித்தாள். “கைப்பேச்சே வேணாம் டாக்டர். தொடை. அங்க ஒரு கொசுகூடக் குத்தினதில்ல.”

திசு நிபுணர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முதலில் வேறு யாருடையதோ நல்ல தசையை நுண்ணோக்கியில் வைத்தார். குறுக்கே வெட்டிய இழைகள், தரைக்கல் பாவியதுபோல இடைவெளி இல்லாமல் நெருங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓரிரு கரும்புள்ளிகள். பிறகு அக்காவுடையதை வைத்தார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. கற்கள் விலகியிருந்தன. இடுக்குகளில் கரும்புள்ளிகள் கும்பல் கும்பலாக அடைத்திருந்தன. ரத்தக் குழாயைச் சுற்றி, விபத்து நடந்த இடத்தில் ஜனம் கூடியதுபோல நின்றன. சில இழைகள் வெளுத்துச் செத்திருந்தன, புள்ளிகள் அவற்றின் உள்ளேயே புகுந்திருந்தன. இழைக் கற்றையின் விளிம்பில் இருந்தவை சூம்பியிருந்தன.

“இந்தப் புள்ளியெல்லாம் யார் ஸார்?”

“ரத்தத்துல இருக்கற காவல்காரங்க. கிருமி வந்தா அடிக்கணும். இங்க கிருமியே இல்ல. வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கறாங்க.”

“ஏன்?”

“சந்தேகம்னு வெச்சுக்கோங்க. சொந்தச் சதையவே அந்நியம்னு நெனைக்குது. இப்பத்தான் சிலர் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கே முழு நம்பிக்கை இல்ல.” பிறகு, சிறியதாக, நீலம் பாய்ந்து கிடந்த சில இழைகளைக் காட்டினார். “இதெல்லாம் புதுசா வளர்றது. அடி விழுந்துட்டு இருக்கும்போதே வீட்டைத் திரும்பக் கட்டிட்டிருக்கு.”

அந்த நோய் தோளையும் இடுப்பையும்தான் முதலில் பிடிக்கும், விரல்களை விட்டுவைக்கும் என்றும் சொன்னார். கண்ணாடித் துண்டின் ஓரத்தில் இருந்த எண்ணை என் கையிலிருந்த சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்ப நான் நடிக்கலியே?”

“இல்லக்கா.”

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பலம் மெதுவாகத் திரும்பியது. பசி அவசரமாக வந்தது. முகம் பூரியாக உப்பியது. அல்சூர் மார்க்கெட்டில் தலைமை ஆசிரியை எதிரே வந்தார்.

“லீவுல உடம்பு நல்லா தேறிடுச்சு போலிருக்கே டீச்சர்!”

“ஆமா மேடம். கவலைப்பட்டு நீங்கதான் இளைச்சுட்டீங்க.”

ஒரு காலை அவள் தன் தலையைத் தானே வாரிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். “வகிடு கோணலா இருக்கு அண்ணி” என்றாள் என் மனைவி. “இருக்கட்டும், நான் எடுத்த வகிடு” என்றாள் அக்கா.

இரண்டு அறிக்கைகள், ஊசிச் சீட்டு, திசு நிபுணரின் கடிதம் எல்லாவற்றையும் இணைத்து மெமோவுக்கு விளக்கம் அனுப்பியிருந்தோம். பதில் இல்லை. கையைத் தூக்க முடிந்தவள், தூக்கிக்கொண்டு போக ஒரு பள்ளி இல்லாமல் வீட்டில் இருந்தாள். மழை வந்தது. பள்ளிகள் திறந்தன. எங்கள் தெருப் பிள்ளைகள் அவளிடம் வாய்ப்பாடு ஒப்பிக்க வந்தார்கள்; அவள் இரண்டாவது நாளே அனுப்பிவிட்டாள். “இது டீச்சர் வேலை இல்ல. பொழுதுபோக்கு” என்றாள்.

கடைசியில் தபால்காரர் பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். நான் முத்திரையைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். விளக்கம் ஏற்கப்பட்டது, வராத நாட்கள் மருத்துவ விடுப்பாகக் கருதப்படும், அதே பள்ளியில் உடனே பணியில் சேர வேண்டும். இடது கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“தப்பு நடந்துபோச்சுன்னு எங்கியாவது போட்டிருக்கா?” என்றாள் அக்கா.

“அதுக்கு ஃபாரம் கிடையாதுக்கா.”

அவள் புடவை மாற்றப் போய்விட்டாள். உறைக்குள் இருந்த கடிதத்தில் போட்டிருந்த தேதிக்கும் அது எங்கள் வாசலுக்கு வந்த தேதிக்கும் நடுவில் ஒரு மாதத்துக்குமேல் ஓடியிருந்தது. வந்த தேதியை, வழக்கப்படி, உறையின் மூலையில் நான் குறித்தேன்: 1960 ஜூலை 18, திங்கட்கிழமை.