கங்குன் இல்லாத கிழமைகள்

நெளுக்குளத்தில் ஒரு வயற்காரரின் காணி மூலையில் சின்னக் குட்டை இருந்தது. காவலுக்குக் கொட்டிலில் படுக்கலாம், குட்டையில் விரும்பியதை நடலாம் என்றார். எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றத் தொடங்கியவன் நான். எங்கேயும் நிலைத்ததில்லை. கங்குன் கீரைத் தண்டுகளை முறித்துச் சேற்றில் செருகினேன். கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கொடி தண்ணீர்மேல் ஓடியது. நுனியை வெட்ட வெட்டத் தழைத்தது. சைக்கிளில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவேன். என் சாப்பாடு அதில்தான்.

கங்குனை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். சந்தை இருக்கும் ரவுனில் கழிவுத் தண்ணீர் ஓடும் கானெல்லாம் அது தானாகவே முளைத்துக் கிடக்கும்.

"தம்பி, இது கான் கங்குனோ?" என்று வழக்கமாக வாங்கும் அக்கா கேட்பா.

"இல்லையக்கா, என்ரை குட்டையில வளர்ந்தது."

"கானில பிடுங்கினனான் எண்டு ஆர்தான் சொல்லப்போகினம்?"

பக்கத்தில் கீரை விற்ற அண்ணை சிரிப்பார். "எந்த ஊரெண்டே தெரியாத ஆள், அக்கா. பாத்து வாங்குங்கோ." கதையைக் கிளப்புவது அவர்தான் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை குட்டையில் தவளைச் சத்தம் இல்லை. தண்ணீரில் மருந்து நாறியது. குட்டைக்கு மேலே இருந்த தன் வயலுக்குப் பூச்சிமருந்தடித்த வயற்காரர் வரம்பை வெட்டித் தண்ணீரைக் கீழே விட்டிருந்தார்.

"கங்குனுக்கு ஒண்டும் செய்யாது. கொண்டுபோய் வில்" என்றார்.

தினமும் தன் குசினியில் சமைக்க ஒரு பிடி கேட்பவர், அன்று கேட்கவில்லை.

நான் வெட்டவில்லை. வரம்பை அடைத்தேன். குட்டையை இறைத்தேன். கொடியை வேருக்குமேல் அறுத்துப் புதைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சினேன். புதுத் தளிர் வரும்வரை சில கிழமைகள் மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டேன்.

மறுபடி சந்தைக்குப் போனபோது அக்கா கங்குன் கட்டைத் தொடவில்லை.

"எங்கை தம்பி, இவ்வளவு நாளும் ஆளைக் காணேல்லை?"

அண்ணை முந்திக்கொண்டார். "கானெல்லாம் துப்பரவாக்கிப் போட்டினமெல்லே? பிறகு கங்குனுக்கு எங்கை போறது? இப்ப திரும்ப முளைச்சிட்டுதாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மருந்துத் தண்ணீர் வந்தது என்று உண்மையைச் சொன்னால், இனி யாருமே வாங்க மாட்டார்கள். கட்டுகளைத் திரும்பச் சைக்கிளில் ஏற்றினேன்.

திரும்பி வந்து வயற்காரரிடம் ஒரு பிடி நீட்டினேன். வாங்கி மணந்து பார்த்தார்.

"நீ முதல்ல சாப்பிட்டனியோ?"

அடுத்த நாள் சில தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒருவர் குட்டை காட்டினார். தண்ணீரைப் பார்க்குமுன், மேலே இருப்பது யாருடைய வயல் என்று கேட்டேன்.