வெள்ளையடித்த பள்ளிக்கூடம்

தெருவில் எல்லோரும் அவளை 'ஏனக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவள். சட்டை கொடுக்க வந்தவரிடம், இந்த ஒரு பொத்தான் மட்டும் ஏன் வேறு நிறம் என்று கேட்காமல் விடமாட்டாள். பதில் சொன்னால் அதற்கும் ஒரு 'ஏன்' தயாராக இருக்கும். அவசரக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். நஷ்டம் அவளுக்குத்தான். அதற்காக வாயைக் கட்டிப்போட அவளால் முடியுமா என்ன?

எதிரே இருந்தது பெரிய டீச்சர் தன் சொந்த வீட்டில் நடத்தும் பள்ளிக்கூடம். ஏனக்காவின் மகள் படிப்பதும் அங்கேதான். கட்டணம் ஏழைக்குக் கட்டுப்படியாகிற கட்டணம். அதற்குப் பதிலாக மாதத்தில் ஒரு நாள் காலை ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கைத்தொழிலைப் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும். கொத்தனார் சுவர் பூசுவார். தையல்காரம்மா கிழிந்த சீருடைகளுக்கு ஒட்டுப்போடுவாள். முடிதிருத்துகிறவர் வந்தால் வாண்டுகள் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு நாள் பளபளவென்று ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேர் வகுப்பறைகளை நாடா பிடித்து அளந்தார்கள், டீச்சரின் அறையில் நெடுநேரம் பேசினார்கள், மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்கள். யார் எவர் என்று ஒருவருக்கும் தெரியாது. உதவி செய்ய வந்த புண்ணியவான்கள் என்று கொத்தனார் அடித்துச் சொன்னார். அவ்வளவுதான், அடுத்த முறை வரும்போது பள்ளிக்கூடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பெற்றவர்கள் எல்லோரும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெள்ளையடித்தார்கள், கூரை ஓட்டையை அடைத்தார்கள், ஆடிய பெஞ்சுகளுக்கெல்லாம் ஆணி அடித்தார்கள்.

மறுபடி வந்த கார்க்காரர்கள் அதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். அங்கேதான் ஏனக்காவுக்கு உதைத்தது. உதவ வந்த மனுஷன் எங்கே ஓட்டை என்றல்லவா தேடுவான்? ஓட்டை இல்லை என்று இவன் ஏன் இப்படிக் குளிர்ந்துபோகிறான்?

நேரே கார் டிரைவரிடம் போனாள்.

"ஏன் தம்பி, சாருங்க எந்த ஆபீஸ்?"

"ஸ்கூல் வாங்கற கம்பெனி, அக்கா. போன வருஷம்கூட பஸ் டிப்போ பக்கத்துல ஒண்ணு வாங்கினாங்க."

"ஏன் வாங்கறாங்க?"

"அதை என்கிட்ட கேட்டா?"

மறுநாள் வண்டியைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள். டிப்போவுக்குப் பக்கத்தில் ஆளுயர கேட்டும் கண்ணாடி ஜன்னலுமாக ஒரு பள்ளிக்கூடம் நின்றது. எதிரே, அவளுடையதைப் போலவே ஓர் இஸ்திரி வண்டி.

"வியாபாரம் எப்படிண்ணே?" என்று பேச்சை ஆரம்பித்தாள்.

"முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலைம்மா. இந்த ஸ்கூல் பிள்ளைங்க யூனிபார்ம் கோட்டுல மடிப்பு கலையக் கூடாதாம். தினமும் வருது."

அவளுக்கு ஒரு கணம் ஆசை எட்டிப்பார்த்தது. பொய் சொல்வானேன், அவளும் வயிறு உள்ளவள்தானே.

"உங்க பிள்ளையும் இங்கதான் படிக்குதா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார். "படிச்சுது. ஃபீஸ ஏத்தினாங்க, எப்படியோ கட்டினேன். திரும்பவும் ஏத்தினாங்க. இப்ப வீட்ல இருக்கா. இத்தனை கோட்டுக்கும் நான்தான் இஸ்திரி போடறேன். இதுல ஒண்ணுகூட என் பொண்ணுது இல்ல."

தன் தெருவையும், மாதம் ஒரு காலை கைத்தொழிலை வாங்கிக்கொள்ளும் தன் மகளின் பள்ளிக்கூடத்தையும் பற்றி அவரிடம் சொல்லிவிட்டு ஏனக்கா கிளம்பினாள். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் தன் மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. இறங்கியதும் நேரே பெரிய டீச்சரின் அறைக்குள் நுழைந்தாள்.

"ஏன் டீச்சர் விக்கப் போறீங்க?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இப்படிக் கேக்கற? அவங்க வராங்கன்னதும் ஓடி ஓடி வெள்ளையடிச்சது நீங்கதானே? உங்களுக்குப் பெரிய ஸ்கூல் மேல ஆசை வந்துடுச்சுன்னு நினைச்சேன். எனக்கும் முட்டி போயிடுச்சு. நான் எதுக்குக் குறுக்கே நிக்கணும்?"

"ஐயோ டீச்சர், அவங்க உதவி பண்ண வந்தவங்கன்னுல்ல நினைச்சோம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, விக்கல. எனக்கப்புறம் இதை யார் பாத்துக்குவா? அதுக்குப் பதில் சொல்லு."

ஊரையே கேள்வி கேட்டவளை முதல் முறையாக ஒருவர் திருப்பிக் கேட்டுவிட்டார். ஏனக்கா ஜன்னல் வழியே தெருவை எட்டிப்பார்த்தாள். பிறகு, "எல்லாரையும் கூட்டிட்டு வரேன் டீச்சர்" என்றாள்.

கூட்டத்தில் சத்தத்துக்குக் குறைவில்லை. வெள்ளையடித்த கையைப் பார்த்துப் பார்த்துக் கொத்தனார் நொந்துகொண்டார். கடைசியில் எல்லோரும் சேர்ந்தே பார்த்துக்கொள்வதென்று பெற்றோர் சங்கம் ஒன்று அமைத்தார்கள்; டீச்சர் பள்ளிக்கூடத்தை அந்தச் சங்கத்தின் பெயருக்கே எழுதிவைத்தார். இனி எந்தத் தனி ஆளும் அதை விற்க முடியாது. கார்க்காரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்த அன்று, டிப்போ பக்கத்து இஸ்திரிக்காரர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏனக்காவின் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இங்க இடம் கிடைக்குமாம்மா? மாசம் ஒரு காலைல நான் வந்து இஸ்திரி போட்டுத் தரேன்."

ஏனக்கா ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கசங்கிய காலரை விரலால் நீவிவிட்டாள். "வா கண்ணு" என்று உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.