பூத்தில் கத்திய கடவுச்சொல்

தொண்ணூறுகளின் கடைசியில், வேறொரு வேலைக்கான விண்ணப்பத்தை என் மேலாளருக்குத் தெரியாமல் பாபநாசத்து நண்பரிடம் காட்டித் திருத்த நினைத்தேன். நடுவில் யாரும் படிக்க முடியாதபடி இருவர் கணினிகளையும் ஃபோன் வழியே நேராக இணைக்கும் மென்பொருளை நிறுவினோம். மூன்று நாளாகியும் கடவுச்சொல் பொருந்தவில்லை. வீட்டு ஃபோனைக் கணினி பிடித்துக்கொண்டதால், இருப்புக் கொள்ளாமல் தினமும் டவுண் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, நண்பரைப் பக்கத்து வீட்டு ஃபோனுக்கு வரவழைத்து, இரைச்சலுக்கு மேல் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினேன்.

பூத்துக்காரர் கதவைத் தட்டினார். "அண்ணாச்சி, ஆறாவது எழுத்தை நேத்து வேற மாதிரில்லா சொன்னிய?"

அவர் சொன்னதுதான் சரி.

வரிசையில் நின்ற எங்கள் அலுவலகக் கணக்கர் சிரித்தார். "இம்புட்டு ரகசியம்னா, வேற வேலைக்குத்தான் எழுதிப் போடுதீரு வே."

மறுநாள் விண்ணப்பம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் மேலாளர் என் நாற்காலிக்கு ஆள் தேடத் தொடங்கியிருந்தார்.