கீழ் ஹாலில் இரண்டு பேருக்கு

கப்பலில் முதல் நாள் ராத்திரி எங்கே சாப்பிடுவது என்பதை என் கணவர் திருத்தணியில் கல்லாவில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டார். கப்பல் கிளம்ப அப்போது இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்து மேசைகளைத் துடைத்துப் போட்ட பிறகு, பெங்களூரிலிருந்து பிள்ளை அனுப்பிய வீடியோவைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். எங்கள் கல்யாண நாளுக்காகப் பிள்ளை போட்டுக்கொடுத்த டிக்கெட் அது. சென்னையில் ஏறி, கடலில் இரண்டு ராத்திரி சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்குவது. மேல் மாடியில் ஒரு ஹால் இருக்கிறதாம், அங்கே தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம். கீழே இன்னொரு ஹால். அங்கே உட்கார்ந்தால் மெனு அட்டை கொடுத்து, என்ன வேண்டுமென்று கேட்டுக் கொண்டுவந்து வைப்பார்களாம்.

"மேல வேணாம், கீழதான்," என்றார். "நீ எனக்கு எதிர்ல உக்காரு. நீ சாப்புடுறத நான் ஒரு நாள் கூட ஒழுங்கா பாத்தது இல்ல."

ரசம் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மலைக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு மெஸ். அவர் கல்லாவும் பரிமாறுவதும், நான் அடுப்பு, அவருடைய தங்கை இலை போட்டுத் தண்ணீர் வைப்பாள். மெஸ் வைத்திருக்கிற வீட்டில் யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர், அதுவும் கடைசிப் பந்திக்கு அப்புறம். பாதிச் சாப்பாட்டில் ஒரு ஆள் வாசலில் நிழலாடினாலும் இலையை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். கஸ்டமர் நிற்கும்போது கடைக்காரன் உட்காரக்கூடாது. அது மாமனார் காலத்துச் சட்டம். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளாக வேனிலிருந்து இறங்கும் கிருத்திகைக் கூட்டத்தில், எங்களுக்கும் வயிறு என்று ஒன்று இருப்பது மறந்தே போகும்.

ஆனால் வருகிறவர்களை மட்டும் அவர் அவசரப்பட விடமாட்டார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று யாராவது அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டால் அவருக்குப் பொறுக்காது. ஆந்திராக்காரர்களிடம் தெலுங்கில் சொல்வார், நம்மவர்களிடம் தமிழில் சொல்வார். "மெதுவா சாப்புடுங்க. உங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க." அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஊருக்குத்தான் உபதேசம்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் அவர் சோற்றில் பருப்பு ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய்தான் வைத்திருப்பார். கடப்பாவிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இலையின் மேல் இன்னொரு இலையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். அத்தனை பேருக்கும் பரிமாறி முடித்து, நெஞ்சை என்னவோ பண்ணுகிறது, கேஸாக இருக்கும் என்று ஒரு சோடாவை உடைத்துக் குடித்தார். கல்லாவில் போய் உட்கார்ந்தார். மேசையில் தலையைச் சாய்த்தவர் நிமிரவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்த இலை ஞாபகம் வந்தது. அதை யார் எடுத்துப் போட்டார்கள் என்று விசாரித்தேன். அக்கம்பக்கத்தார் யாருக்கும் தெரியவில்லை. நானே எடுத்திருக்கலாம். இல்லாவிட்டால் பாத்திரம் கழுவ வந்தவள் எடுத்திருக்கலாம். இத்தனை பெரிய துக்கத்தில் போயும் போயும் ஒரு எச்சில் இலைக்காக அழுகிறாளே என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

டிக்கெட்டைக் கிழித்துப் போடு என்று பிள்ளையிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "நைனா ஆசப்பட்டாரும்மா, நீயாவது போய்ட்டு வா," என்று அப்பா பேருக்குப் பதிலாக அத்தையின் பேரைப் போட வைத்துவிட்டான். அத்தை என்றால் என் நாத்தனார்தான். வாழப்போன இடத்தில் புருஷன் சீக்கிரமே போய்ச் சேர, அண்ணனிடமே திரும்பி வந்தவள். ஐம்பது தாண்டியும் எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பா. வருஷத் திதிகூட முடியவில்லை, அதற்குள் கப்பல் ஏறுகிறாள் என்று சொந்தத்தில் ஒருத்தி பேசியது என் காதுக்கும் வந்தது. அப்படிப் பேசினவள் சாப்பிட்ட இலைகளை நான் எத்தனை எடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும்போது நல்ல வெளிச்சம் இருந்தது. எல்லோரும் கைப்பிடிக் கம்பியருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கடல் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. சாப்பாட்டு நேரம்தான் நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே போனால் எதிர் நாற்காலியைப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் அவர் ஆசைப்பட்ட ஒரே ஒரு சாப்பாட்டையும் நான் தள்ளிவிட்டதாக ஆகும்.

பாப்பாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. மேல் மாடிக்குக் கூட்டிப்போய், தட்டைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். சாம்பாரில் புளி தூக்கல் என்றாள், சோறு மட்டும் உதிரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

"இங்கயே சாப்ட்டுக்கலாம் அண்ணி. இன்னொருத்தர் நமக்குப் பரிமாறிக்கினு நிக்கறது எனக்கு ஒரு மாதிரி இருக்குது," என்றாள்.

எனக்கும் உள்ளூர நிம்மதிதான். யாராவது கேட்டால் அவள் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மாவுக்குச் சோற்றுக் கரண்டி எட்டவில்லை. நான் எடுத்து அவர் தட்டில் போட்டேன். போதுமா என்று கேட்டு இன்னும் கொஞ்சம் போட்டேன். அடுத்து நின்றவரும் தட்டை நீட்டினார், போட்டேன். அதற்கடுத்தவரும் நீட்டினார். எப்போது நான் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் திரும்பினால் பாப்பா பொரியல் வைத்துக்கொண்டிருந்தாள். வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவர் அப்பளம் இல்லையா என்று என்னை அதட்டினார். பாப்பா உடனே அப்பளம் எங்கே என்று தேடிக்கொண்டு போனாள்.

கப்பல் சீருடை போட்ட ஒருவர் ஓடிவந்து, பணிவாக என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். பாப்பா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அண்ணன் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் ஒன்று தெளிவானது. இந்த ஹாலில் நாங்கள் விளக்கணைக்கிற வரை பரிமாறிக்கொண்டுதான் இருப்போம். சாப்பிட மாட்டோம். எங்கள் வீட்டு மனுஷருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அன்றைக்கே மேலே வேண்டாம் என்றிருக்கிறார்.

"வா பாப்பா, கீழ போலாம்," என்றேன். அவள் எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

கீழ் ஹாலில் ஜன்னலோரமாக ஒரே ஒரு சின்ன மேசைதான் காலியாக இருந்தது. இரண்டு நாற்காலி. பாப்பா ஒன்றின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அட்டையைக் கொண்டுவந்தவர் விசாகப்பட்டினத்துக்காரர். எங்களுக்குத் திருத்தணி என்றதும் தெலுங்கிலேயே விசாரித்தார். என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

எத்தனை வருஷமாக அந்தக் கேள்வி எங்கள் கடையில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. எது சீக்கிரம் ஆகுமோ அதைக் கொடுங்கள் என்றேன். அவசரமே இல்லையம்மா, பிடித்ததைச் சொல்லுங்கள் என்றார். சோறும் பருப்பும் என்றேன். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் அதேதான் என்றாள்.

பருப்பு நன்றாகத்தான் இருந்தது. பூண்டைக் கொஞ்சம் வதக்கிப் போட்டிருக்கலாம். கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். வாசல் பக்கம் நிழலாடியது. ஒரு குடும்பம், புருஷனும் பெண்டாட்டியும், அவள் இடுப்பில் தூங்கிவழியும் குழந்தை. இடம் காலியாகட்டும் என்று நின்றுகொண்டு, மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கண் எங்கள் தட்டின் மேல் விழுந்தது.

என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். மூடி வைக்க இலை தேடிக் கை மேசையின் மேல் துழாவியது. எதிரில் பாப்பாவும் பாதி எழுந்திருந்தாள். அப்படியே நின்றாள். என் தட்டைப் பார்த்தாள். அதில் பிசைந்த சோறு அப்படியே கிடந்தது. பிறகு மேசைக்கு மேலே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காரு அண்ணி."

"அவங்க நிக்கிறாங்க பாப்பா. கொழந்தய வேற வச்சிக்கினு."

"நிக்கட்டும்," என்றாள். "நீ மெதுவா சாப்புடு. உன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க."

நான் உட்கார்ந்தேன். கண்ணீர் தட்டில் விழுந்தது, துடைக்கவில்லை. விசாகப்பட்டினத்துக்காரர் சாப்பாட்டில் ஏதாவது குறையா என்று கேட்க வந்தார். பாப்பா கையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டாள். அந்தக் குடும்பத்துக்கு வேறு மேசை கிடைத்தது, உட்கார்ந்துவிட்டார்கள். நான் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டேன். பாப்பா அதுவரை தன் தட்டில் கை வைக்கவில்லை. எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.